இசைக்குப் புதியோரும் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும்

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள் மாலை, நம் விடுதியின் மேல்மாடியில் முதலாண்டு மாணவன் ஒருவன் என்னை அணுகினான். அவன் என் ஊரினன். ஓடைப்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவினன். ஆதலின் என்னை அண்ணா என்றே அழைப்பவன். பிராகிரசிவ் ராக் என்றும் மெட்டல் என்றும் பெயர் வழங்கும் மேனாட்டு இசையை மூத்த மாணவர் சிலர் இரவெல்லாம் கேட்டு மகிழ்வதைக் கண்டு, தானும் அதனை அறிய விழைந்தானாம். ஒரே பாட்டு 20 நிமிடம் ஓடுகின்றது; தாளமோ பாதி வழியிற் கால் மாற்றுகின்றது; எங்கே தொடங்குவதென்று விளங்கவில்லை. மூத்தவர்களைக் கேட்டதற்கு அவர்கள் நகைத்து விட்டனர். அந்நகைப்பே அவனை மிகவும் வருத்தியது போலும். இனி அவ்விசையின் பக்கமே போவதில்லையென்று சொல்லும் நிலையில் இருந்தான்.

யான் அவனுக்குச் சில பெயர்களைச் சொன்னேன். அவற்றை இக்கட்டுரையின் பிற்பகுதியில் தருவேன். ஆயினும் அன்றிரவு என் நினைவில் நின்றவர் கித்தார் வாசிப்போர் எவருமல்லர். இசைத்தமிழ்ப் பாடத்தில் யாம் பெயரளவிற் கற்றுக் கடந்துவிடும் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரே. இசைக்குலத்திற் பிறவாது, பள்ளியாசிரியராய் இருந்து இசைக்குட் புகுந்து, புதியவன் கேட்கக்கூடாதென்று பிறர் கருதும் வினாவைத் துணிந்து கேட்டு, அவ்வினாவுக்காகவே தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டவர் அவர். எங்கள் ஊரின் கொடிமுந்திரித் தோட்டங்களில் நின்று நோக்கினால், கம்பம் பள்ளத்தாக்கை அணைத்து நிற்கும் மலைத்தொடர் கண்ணுக்குப் புலப்படும். அத்தொடரைச் சேர்ந்த சுருளி மலையிலேதான் அவர் வாழ்க்கை திரும்பிற்று. ஆதலின் அவர் எங்களுக்குச் சிறிது உரியவர் என்று கருதுவது மிகையாகாது.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், தென்காசிக்கு அணித்தான சாம்பவர் வடகரையில், முத்துசாமி, அன்னம்மாள் என்னும் கிறிஸ்தவப் பெற்றோர்க்குத் தோன்றினார். இளமையிலேயே கைத்தொழில்களிலும் கருவிகளிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. ஆசிரியப் பயிற்சி பெறும்பொருட்டுத் திண்டுக்கல் சென்று, பயிற்சி முடிந்தபின் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வூரிற் சடையாண்டி பத்தர் என்பாரிடம் இசை பயின்றதே அவர்தம் இசைவாழ்வின் தொடக்கம். பகலிற் பிள்ளைகட்குப் பாடம். ஓய்ந்த வேளையில் தமக்குப் பாடம். பிடிலை ஏந்தும் வகையிலிருந்தே தொடங்க வேண்டிய நிலை. நம் முதலாண்டு மாணவனுக்கும் அவருக்கும் அந்நாளில் வேற்றுமை மிகுதியாக இருந்திராது.

இசையைப் போலவே மருத்துவமும் அவரை ஈர்த்தது. திண்டுக்கல்லில் அவர் வாழ்ந்த காலம் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம். 1876 முதல் 1878 வரை ஊர்கள்தோறும் பசியும் நோயும் நின்று உலவின. மூலிகைகளின் குணங்களை அறிய வேண்டுமென்னும் வேட்கை அவரைச் சுருளி மலைக்குச் செலுத்திற்று. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வரை இருப்புப்பாதை இன்றும் இல்லை; அன்று நல்ல சாலையும் அரிது. பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியது 1895ஆம் ஆண்டிலேதான். ஆகவே அவர் கண்ட நிலம் யாம் இன்று காணும் பசுமை நிலம் அன்று. அம்மலையிற் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டு, சித்த மருத்துவ முறைகளை அவரிடம் கற்றார் என்பது பண்டிதர் வரலாறு. கிறிஸ்தவர் ஒருவர் மலைக்குகைச் சித்தரிடம் மாணவராய் அமர்ந்ததைப் பலர் வியப்பர். பண்டிதர் அதனை மறைத்தவரல்லர். பிற்காலத்தில் தம் மருந்துச்சாலைக்குக் கருணாநிதி வைத்தியசாலை என்றும், தம் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும், தம் பெருநூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயரிட்டார். மூன்றினும் குருவின் பெயர் ஒலிக்கக் காண்க.

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் கற்றறிந்த நங்கையை மணந்து, அடுத்த ஆண்டில் தஞ்சை சேர்ந்தார். அங்கு நேப்பியர் சீமாட்டி பெண்கள் பாடசாலையில் அம்மையார் தலைமையாசிரியையாகவும் இவர் தமிழாசிரியராகவும் பணியாற்றினர். மனைவி தலைமை வகிக்கும் பள்ளியிற் கணவர் அவர்க்குக் கீழ் ஆசிரியராய் இருந்தமை அக்காலத்திற்கு எத்துணைப் புதுமை! 1890ஆம் ஆண்டில் அப்பணியை விடுத்து, மருத்துவத்தையே முழுத்தொழிலாகக் கொண்டார். அவருடைய கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாட்டளவில் நில்லாது கடல் கடந்தும் விற்பனையாயின. செல்வம் குவிந்தது. தஞ்சைக்குப் புறத்தே பரந்த நிலத்தை வாங்கி, மூலிகைகளும் கரும்பும் பயிரிட்டு, நீரிறைக்க இயந்திரங்களை நிறுவி, மக்கள் பண்டிதர் தோட்டம் என்று வியந்து கூறுமாறு அதனை வளர்த்தார். அரசினர் 1909இல் ராவ் சாகிப் பட்டம் அளித்தனர். இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. இவை யாவும் பின்னர் நிகழ்ந்த இசைத்தொண்டுக்கு வேண்டிய பொருளை ஈட்டித் தந்தன என்று அறிந்தாற் போதும்.

தஞ்சையோ இசைக்குத் தாயகம். அங்கு வாழ்ந்த பண்டிதர் தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்க முயன்றபோது ஓர் இடர்ப்பாட்டைக் கண்டார். இசை தொடங்கும் தமிழ் மாணவன் முதலிற் பயிலும் கீதங்களும் சுரசதிகளும் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்திருந்தன. பொருள் தெரியாத சொல்லையும் பழகாத சுரத்தையும் ஒருங்கே சுமப்பது புதியவனுக்கு இரட்டைப் பாரம் அன்றோ? ஆகவே, கீதம், சுரசதி, கீர்த்தனை முதலிய பயிற்சிப் பாட்டுக்களைத் தாமே தமிழில் இயற்றி, சுரதாளக் குறிப்புடன் 1907ஆம் ஆண்டிற் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரால் வெளியிட்டார். அவற்றிற் பல இறைவனைத் துதிக்கும் கிறிஸ்தவப் பாடல்கள். பண்டிதர் பெயரைக் கூறுவோர் எல்லாரும் அவர்தம் பெருநூலையே கூறுவர். என் உள்ளத்திற்கோ இச்சிறு திரட்டே அணித்தாக நிற்கின்றது. தாம் வருந்தி ஏறிய படியைப் பின்வருவோர்க்குச் சிறிது தாழ்த்தி அமைத்தவர் எத்தனைபேர்?

பயிற்சி நூல் செய்தவருக்கு வேறொரு வினா பிறந்தது. ஒரு ஸ்தாயியில் அமைந்த சுருதிகள் எத்தனை? 13ஆம் நூற்றாண்டிற் சாரங்கதேவர் வடமொழியில் இயற்றிய சங்கீத ரத்னாகரம் 22 என்று கூறும். அதனையே எல்லாரும் வழிவழியாகக் கூறிவந்தனர். ஆனால் அந்த 22 சுருதிகளும் எவ்வெவ் அளவில் நிற்பன என்று வினவினால், விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. பண்டிதர் பலரை வினவினார், நூல்களைத் தேடினார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயரும் வெறும் பெயரல்ல. அவற்றுள் ஒரு கணக்கு மறைந்து கிடக்கின்றது என்று தெளிந்தார்.

அக்கணக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். குரலாகிய சட்சத்திலிருந்து இளியாகிய பஞ்சமத்துக்குச் செல்க. அப்பஞ்சமத்தையே குரலாகக் கொண்டு அதன் பஞ்சமத்துக்குச் செல்க. இவ்வாறு 12 முறை சென்றால் ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வருதல் வேண்டும். ஆனால் பஞ்சமத்தை மூன்றின்கீழ் இரண்டென்னும் தூய விகிதத்தில், அஃதாவது ஒன்றரை மடங்காகக் கொண்டு பெருக்கினால், வரவேண்டிய 128க்கு மாறாக ஏறக்குறைய 129.7 வருகின்றது. வட்டம் மூடவில்லை. ஒவ்வொரு பஞ்சமத்தையும் நூலிழையளவு குறைத்தால் வட்டம் மூடும். 12 சுரங்களும் ஒத்த இடைவெளியில் நிற்கும். ஆயப்பாலை கூறுவது இதுவே என்றார் பண்டிதர். ஒவ்வோர் அரைச்சுரத்தையும் இரண்டாகப் பகுத்தால் 24 அலகு ஆகும்; வட்டப்பாலையில் இரண்டலகு குறைத்துப் பாடும் மரபு உண்டாதலின், அதனைக் கண்டோர் மொத்தமே 22 என்று மயங்கினர் என்பது அவர் முடிபு.

கித்தார் கேட்கும் நண்பர்க்கு இது புதிதன்று. அக்கருவியின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டைகளை உற்று நோக்குக. ஒவ்வொரு கட்டையும், எஞ்சிய தந்தியின் நீளத்தில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து அடுத்த கட்டை பதிக்கப்பட்டிருக்கும். 12ஆம் கட்டை சரியாகத் தந்தியின் நடுவில் நிற்கும். மேனாட்டார் வழங்கும் சமப்பகுப்பு இதுவே. மெட்டல் இசைஞன் இடிபோல் முழக்கும் தந்தியும், பண்டிதர் தஞ்சையில் கணக்கிட்ட 12 சுர வட்டமும் ஒரே எண்ணில் அடங்குவன என்று யான் முதன்முதல் உணர்ந்தபோது, நூலகத்தில் இருக்கிறேன் என்பதை மறந்து உரக்கச் சிரித்துவிட்டேன்.

தாம் கண்டதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது, அறிஞர் அவையில் வைத்து உரசிப் பார்க்கப் பண்டிதர் விரும்பினார். 1912ஆம் ஆண்டிற் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அவையைத் தஞ்சையில் நிறுவி, மாநாடுகள் பலவற்றைத் தம் செலவிலேயே நடத்தினார். வித்வான்கள் பல திசையினின்றும் வந்தனர். வழிவழி வந்த நம்பிக்கையை ஒரு மருத்துவர், அதுவும் இசைக்குலத்திற் பிறவாதவர், மறுத்துரைப்பதை எல்லாரும் இனிது ஏற்றிருப்பார்களென்று கருத இடமில்லை. உடன்பட்டோரும் உண்டு, மாறுபட்டோரும் உண்டு. மாறுபட்டோரையும் அழைத்து, உணவும் உறைவிடமும் அளித்து, தம்மை மறுக்கும் உரையைத் தம் பொருளால் கேட்ட பெருந்தன்மையை யான் வேறெவரிடத்தும் எளிதிற் காணேன். இதனிடையே 1911இல் முதல் மனைவியாரை இழந்த துயரமும் அவர்க்கு நேர்ந்தது. பின்னர்ப் பாக்கியம்மாளை மணந்தார்.

1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. பண்டிதர் தம் மக்கள் மரகதவல்லி, கனகவல்லி இருவருடன் அங்குச் சென்றார். சுருதிபற்றிய தம் கொள்கையை அவையில் எடுத்துரைத்தார்; அம்மகளிர் இருவரும் பாடியும் வீணை மீட்டியும் அதனை மெய்ப்பித்துக் காட்டினர். சொல்லளவில் நிற்கும் கொள்கை செவியளவில் நிற்குமா என்பதே அன்றைய சோதனை. மொழியறியாத வடநாட்டு அவையில், 22 சுருதியை நாட்ட வந்திருந்த அறிஞர் நடுவில், இரண்டு தமிழ்ப் பெண்கள் தந்தையின் கணக்கைத் தம் குரலாலும் விரலாலும் தாங்கி நின்ற காட்சியை எண்ணும்போது என் மனம் உருகுகின்றது. பண்டிதரைப் போற்றும் கட்டுரைகள் இம்மகளிர்க்கு ஒரு வரியே ஒதுக்குவதை யான் கண்டிருக்கிறேன். அது முறையன்று.

அடுத்த ஆண்டாகிய 1917இல் கருணாமிர்த சாகரத்தின் முதற் புத்தகம் வெளிவந்தது. தம் சொந்த அச்சகத்திலேயே, 1300 பக்கங்களுக்கு மேற்பட்ட பேரளவில் அதனை அச்சிட்டார். சிலப்பதிகார இசைக்குறிப்புக்களை இத்துணை விரிவாக ஆராய்ந்த நூல் அதற்குமுன் தமிழில் இல்லை. ஆயின் குறையும் சொல்லவேண்டும். கடல்கொண்ட குமரிக்கண்டத்தைப்பற்றி நூலின் தொடக்கத்தில் அவர் விரித்துரைப்பன இன்றைய நிலவியல் அறிவுக்கு ஒத்தன அல்ல. 24 சமப்பகுப்பும் எல்லாரானும் ஏற்கப்பட்டதன்று. கமகத்தில் அசைந்து நெளியும் நம் சுரங்களை அசையாத கட்டைகளில் நிறுத்த முடியுமா என்று கேட்போர் இன்றும் உளர். அக்கேள்வி வலியுடையது என்றே யானும் கருதுகிறேன். முடிபு பிழைபடினும் வினா பிழையன்று. அவ்வினா எழுந்த பின்னரே, பழந்தமிழ்ப் பண்களை எண்ணாலும் அளவாலும் ஆராயும் முறை நம்மவரிடை வேரூன்றிற்று.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பண்டிதர் தம் 60ஆம் வயதில் மறைந்தார். தாம் வளர்த்த தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் அச்சேறாது நின்றது. பரோடாவில் உடன்நின்ற மகள் மரகதவல்லியாரே, 27 ஆண்டு கழித்து 1946இல் அதனை வெளியிட்டார்.

இனி, என் ஊர்த் தம்பிக்குச் சொன்ன பெயர்களைத் தருகிறேன். முதலில், பிங்க் பிளாய்டு குழுவினர் 1973இல் வெளியிட்ட டார்க் சைடு ஆஃப் த மூன் என்னும் இசைத்தட்டில் மணி என்னும் பாட்டு. அது ஏழடித் தாளத்தில் நடப்பது. மேனாட்டுப் புதியவர் அதிலே தடுமாறுவர். திஸ்ர திரிபுடை போட்டறிந்த நமக்கு என்ன தடை? மூன்றும் இரண்டும் இரண்டுமாகக் கையில் எண்ணிக்கொண்டு கேட்க. கித்தார் தனித்தொலிக்கும் இடத்தில் மட்டும் தாளம் நான்கடியாக மாறிப் பின் ஏழுக்கே மீளும்; கை தானே காட்டிக்கொடுக்கும். அடுத்து, பிளாக் சாபத் குழுவினரின் 1970ஆம் ஆண்டு முதல் தட்டில் முதற்பாட்டு. மெட்டல் இசைக்கு அதுவே தோற்றுவாய் என்பர். அதன் முழக்கம் மூன்றே சுரம்: சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். அவ்விடைவெளியை மேனாட்டார் முற்காலத்திற் பேயோடு சேர்த்துப் பேசினர். கல்யாணி கேட்டு வளர்ந்த செவிக்கோ அந்த மத்திமம் அழகே வடிவானது. அவர்களை அச்சுறுத்தும் சுரம் நம்மை மயக்குகின்றது. எனக்கு இதனினும் சுவையான செய்தி இசையுலகில் இல்லை.

இவ்விரண்டும் செவிக்குப் பழகியபின் கிங் கிரிம்சன் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் தட்டு. அதிற் பாட்டு ஐந்தே. பின்னர் ரஷ் குழுவின் 2112, 1976இல் வந்தது. 20 நிமிடப் பாட்டை அஞ்சுவோர் அதனைப் பல்லவி, அனுபல்லவிபோற் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்கலாம். மெட்டாலிக்காவின் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் 1986. டிரீம் தியேட்டரின் இமேஜஸ் அண்டு வேர்ட்ஸ் 1992. கடைசியிற் குறித்த குழுவினரை முதலிலேயே எடுத்தால் மலைப்புத் தட்டும்; தாளம் அத்துணை விரைவில் மாறுவது. இடையிலே இளைப்பாற, எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் தோன்றிய இளையராஜா 1986இல் வெளியிட்ட ஹவ் டு நேம் இட் என்னும் தட்டையும் கேட்குமாறு சொன்னேன். அது ராக் அன்று. ஆனால் இரண்டு இசைமரபு ஒரு கூடத்தில் அமர்ந்து பேசுவது எவ்வாறென்று அறிய அதனினும் நல்ல பாடம் அருமை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேளாதே என்றும், ஒரு பாட்டை ஏழுமுறையேனும் கேட்டபின் அடுத்ததற்குச் செல் என்றும், விளங்காத இடத்தைக் குறித்துவைத்து யாரிடத்தும் கூசாமற் கேள் என்றும் சொன்னேன். யானும் ஒரு காலத்தில் இசையரங்கொன்றிற் பெரியவர் ஒருவரிடம், சுருதி என்பது என்னவென்று கேட்டு நகைப்புக்கு ஆளானவனே. அன்று எனக்கு விடை கிட்டவில்லை. தஞ்சையில் ஒருவர் அதே வினாவைக் கேட்டு 1300 பக்கம் எழுதியிருக்கிறார் என்று பின்னாளில் அறிந்தபோது, அந்நாளின் வெட்கம் பெரும்பகுதி நீங்கிற்று.

இரண்டு கிழமை கழித்து உணவுக்கூடத்தில் அத்தம்பியைக் கண்டேன். இடக்கையாற் சோற்றுத்தட்டைப் பற்றியவாறே, வலக்கை விரலால் மேசையின் ஓரத்தில் மூன்றும் இரண்டும் இரண்டுமாகத் தட்டிக்கொண்டிருந்தான். எதிரில் அமர்ந்திருந்த மூத்த மாணவரொருவர், அன்று நகைத்தவருள் ஒருவர், அஃது என்ன கணக்கென்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழி விடுமுறையில் இருவரும் சுருளிக்குச் செல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.